என் வாசலில் நானே கட்டிய வெள்ளைக் கொடி

அன்பு மகன் வினோஜனுக்கு,

அப்பா உயிரோடுதான் இருக்கிறேன், சுகத்துக்கும் குறைவில்லை, அதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நீ ஆறுதலாக வாசிக்கலாம். நீயும் டோஹா வெயிலுக்குள் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். தங்கச்சி தனுஷியாவும் மருமகனும் வழமைபோல விடிய டவுனுக்கு வேலைக்கு ஓடுகிறார்கள், பொழுதுபட வருகிறார்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். தண்ணீர்க் குழாய் போட வந்தவர்கள் நம்மட வாசலுக்கு நேரே ரோட்டோரம் ஒரு குழியைத் தோண்டிவிட்டு மூடாமலே போய்விட்டார்கள். நம்மட சனத்தின் காலைநேர ஓட்டம் உனக்குத் தெரியும்தானே. வாவிக்குக் குறுக்கே பாலம் வந்த நாளிலிருந்து இது ஊர் இல்லை, படுத்தெழும்பிப் போகிற மடம். கந்தோரில் விரல் வைக்கிற மெசினுக்கு நேரம் பிந்திவிடுமென்று மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள், முன்னால் ஆள் நின்றாலும் மாடு நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இதுகள் குழிக்குள் விழுந்து சாகப்போகுதுகளே என்று இரக்கப்பட்டு ஒரு கம்பை நட்டு, என் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினேன். சிவப்புத் துணிக்கு நான் எங்கே போவேன். கட்டிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வயல் வட்டைக்குள் வேளாண்மைக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டேன்.

வாசலில் வெள்ளைக் கொடி கண்டால் நம்மட பக்கத்தில் செத்த வீடு, அது சரி. ஆனால் செத்த வீடென்றால் வண்டியை நிற்பாட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறதுதானே மனிசத்தன்மை. ஸ்கூட்டியில் போன அடுத்த வளவுப் பிரஷாந்தி நிற்கவுமில்லை இறங்கவுமில்லை, கந்தோரில் போய்க் குந்திக்கொண்டு, வினாயகமூர்த்தி ஐயா காலமானார் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் வயதுபோன ஆள் நான் ஒருவன்தானே, வேறு ஆர் சாகப்போகிறார் என்று நினைத்திருப்பாள். பிறகென்ன, குழுவில் ஒருவர் விடாமல் கைகூப்பிய படம் போட்டார்கள். எல்லாரும் அன்று காலை என் வாசலால் போனவர்கள்தான், ஆர் சொன்னது, எப்படிச் செத்தார் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இவர்கள்தான் கந்தோரில் சனத்துக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள்.

மத்தியானம் சேற்றுக்காலோடு வருகிறேன், முற்றத்தில் பந்தல்காரன் கதிரை இறக்கிக்கொண்டிருக்கிறான். ஆருக்கு என்ன நடந்தது என்று நானே கேட்டேன். கையிலிருந்த கதிரையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மதிலடியில் நின்றான் அவன். டவுனில் அஞ்சலிப் பெனரும் அடித்தாகிவிட்டது, தங்கச்சியின் கலியாணத்தில் வெற்றிலை வாயோடு சிரிக்கிற என் படம், கீழே சமூகத் தொண்டன் என்று எழுத்து. என்னை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடாதவர்கள் தந்த பட்டம். தங்கச்சிதான் பாவம், என் போனுக்குக் கோல் எடுத்து எடுத்துப் பார்த்து, நான் எடுக்காததால் கந்தோர் உடுப்போடு ஓடிவந்து வாசல் படலையிலேயே விழுந்து கத்தியிருக்கிறாள், என்னைக் கண்டதும் பிடித்த கையை அந்திபடும்வரை விடவில்லை. மற்றவர்கள் அரைநாள் லீவு போட்டு வந்தவர்கள், நான் நிற்பதைப் பார்த்துச் சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. லீவு வீணாப் போச்சே என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான். பிரஷாந்தி மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், வெள்ளைத் துணி கட்டினது நீங்கதானே மாமா என்று என்னிலேயே பிழை பிடித்தாள். வெட்கம் கெட்டதுகள். அந்தக் குழியை மட்டும் இன்றுவரை ஒருவரும் மூடவில்லை.

அவர்கள் அயல் சனம், ஏசிவிட்டு மறந்துவிடுவேன். எனக்கு மனம் நொந்தது வேறு மகன். அந்தச் சந்தடிக்குள் மருமகனின் போனுக்கு நீ பேசி அனுப்பின குரல் பதிவு வந்தது. நான் பின்னால் நிற்பதைக் கவனியாமல் அவர் தட்டிவிட்டார், முற்றம் முழுக்கக் கேட்டது. "மச்சான், கொம்பனி லீவு தராது. என்னைப் பாத்திட்டு இருக்க வேணாம், பின்னேரமே பிரேதத்தை எடுங்க. லைவ் மட்டும் போட்டு விடுங்க."

அழுத குரல்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, அங்கே கிழமை விடுமுறை, உங்கட கொம்பனிக் கந்தோர் பூட்டு. நீ ஆரிடம் லீவு கேட்டாய்? இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற கோணாமலை உன் கொம்பனிதான், மாமனாரின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கேட்டு லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றான், அவனுக்குக் கொடுத்தார்கள்தானே. செய்தி பொய் என்று தெரிந்த பிறகு நீ போன் எடுத்து, நல்லகாலம்பா என்று சிரித்தாய். உனக்குக் கஷ்டமாயிருக்கும் என்று நானும் சிரித்தேன்.

சரி, வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு திரியாதே. தங்கச்சியோடு அடிக்கடி கதை, அவள் இன்னும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள். நீ எங்கே நின்றாலும் ஒரு குறையுமில்லாமல் நல்லாயிருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனி அப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் எனக்குக் கோல் எடு. நான் எடுக்காவிட்டால், வெளிக்கிட்டு வா.

உன் அப்பா
சி. வினாயகமூர்த்தி