மூடாமல் விட்ட வால்வு

17.08.2025, ஞாயிறு

மழை இல்லாமல் இன்று நாற்பத்தோராவது நாள். ஆனாலும் என் தண்ணீர்த் தாங்கி நிறைந்துவிட்டது. ஆயிரம் லீற்றர். குசினியில் அடுப்போரம் நாலு வாளி, குளியலறையில் நீலப் பீப்பாய், எல்லாவற்றுக்கும் மூடி. போன வருஷம் மண் சரிந்து குழாய் உடைந்தபோது ஒன்பது நாள் பட்டது போதும்.

போஞ்சிக்கொடி பூத்திருக்கிறது. பூனாகலைப் பக்கம் வேறு எந்த வீட்டிலும் இப்போது பச்சை இல்லை. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

ஊற்றிலிருந்து தொழிலாளர் லயத்துத் தொட்டிக்குப் போகும் குழாயில் எனக்கு ஒரு கிளை போட்டுத் தந்தவர் கந்தப்பண்ணன். தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரைப் பார்ப்பது அவர் வேலை. அவர் மகள் யசோதினிக்கு நான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த முகத்துக்காகத்தான் செய்தார். “பகல்ல எல்லாரும் மலைக்குப் போனப்புறம் தொறங்க டீச்சர். நாலு மணிக்கு மூடிருங்க. ராத்திரி ஊறுறதுதான் லயத்துக்கு. நாம பேசுனது நம்மோட இருக்கட்டும்.”

இவர், என் வீட்டுக்காரர், பண்டாரவளையிலிருந்து வேலை முடிந்து வந்தவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஆயிரம் லீற்றர்ல ஊரா காஞ்சிரப் போகுது?”

நானும் சிரித்தேன்.

21.08.2025, வியாழன்

லயத்து இராக்கம்மாக்காவின் வீட்டுக்காரர் பிற்பகல் இறந்துவிட்டார். மூன்று மாதப் படுக்கை. சனிக்கிழமை எடுக்கிறார்கள்.

23.08.2025, சனி

எழுதிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று மாலை வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். தாராளமாக. தாங்கி அடி தெரியும் வரை. இரண்டு நாளாக மரண வீட்டில்தானே இருந்தோம், செடி வாடிவிட்டதே என்று. பிறகு தாங்கி நிறையட்டும் என்று வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மூடிவிடலாம். அதற்குள் மரண வீட்டில் வந்தவர்கள் குடிக்கச் சாயத்தண்ணி ஊற்ற ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். விடியும்வரை அங்கேதான். வால்வு நினைவிலேயே இல்லை.

இன்று பதினொரு மணிக்கு நீர்மாலைக்குப் புறப்பட்டார்கள். தப்பு மேளம் முன்னால் போக, மகன்மார் இரண்டு பேரும் ஈர வேட்டியோடு, தலைக்கு மேலே நாலு பேர் பிடித்த வேட்டியின் கீழ், செம்பும் குடமுமாகத் தொட்டித் தண்ணீர் விழும் பீலிக்குப் போனார்கள். அப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீர். எடுக்கும் நாளில் நீர்மாலை முடியும் வரை வேறு யாரும் பீலியில் கைவைப்பதில்லை. விடிந்ததிலிருந்து ஒரு வீட்டிலும் குடம் நனையவில்லை. எல்லாரும் அவர்களுக்காக விட்டு வைத்திருந்தார்கள்.

பீலியில் தண்ணீர் இல்லை. தொட்டியில் நாலு விரல் சேறு.

தப்பு நின்றுவிட்டது. பெரிய மகன் செம்பைப் பீலிக்கு நேரே பிடித்தபடியே நின்றான். அவனுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வால்வு.

கந்தப்பண்ணன் மேலே ஓடினார். என் வால்வை மூடிவிட்டு வரும்போது என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். “எல அடைச்சிருந்துச்சுங்க. எடுத்துட்டேன். வர ஒரு மணித்தியாலம் ஆகும்.”

“எல அடைக்கிற மட்டும் நீரு எங்க தூங்குனீரு?” விஜேந்திரன் கத்தினார். இறந்தவருக்குத் தம்பி முறை. “ஒரு மனுசனக் கடைசியாக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல! நீரெல்லாம் தண்ணி பாக்குற ஆளா?”

கந்தப்பண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டில் அப்போது ஆயிரம் லீற்றர் நிறைந்து வழிந்து நின்றது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதனால்.

பள்ளத்து ஓடையில் கலங்கல் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். துண்டால் வடிகட்டி.

24.08.2025, ஞாயிறு

தாங்கி நிறைந்து நிற்கிறது. அதில் பல் துலக்கக்கூட முடியவில்லை.

27.08.2025, புதன்

லயத்துத் தண்ணீரையும் பார்க்கும் கோயில் கமிட்டி கூடியதாம். ஒண்ணாந்தேதியிலிருந்து தண்ணீர் பார்க்கும் வேலை கந்தப்பண்ணனுக்கு இல்லை. பதினெட்டு வருஷம் செய்தவர். இனிப் புல் வெட்டப் போக வேண்டும். முழங்கால் வலியோடு.

29.08.2025, வெள்ளி

கந்தப்பண்ணனை வழியில் மறித்துச் சொன்னேன்: நான் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் அண்ணே.

“வாயத் தொறக்காதீங்க டீச்சர். குழாய் போட்டவன் நான்தானே? சோம்பேறின்னா ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க.”

அவருக்காகச் சும்மா இருக்கிறேன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு வசதியான காரணம்!

31.08.2025, ஞாயிறு

இராக்கம்மாக்காவிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கெஞ்சிக் குழாய் போடச் சொன்னது நான், திறந்தது நான், மூட மறந்தது நான், வாய் திறக்காமல் நின்றதும் நான்.

சுளகு நின்றது.

“போஞ்சிக்கா டீச்சர்?”

“ஆமாக்கா.”

சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு, “அவரு காதுக்குள்ள மண்ணு இருந்துச்சு. சேலை நுனியாலதான் தொடச்சேன்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பதினாறாம் நாளுக்குச் சமையல் தண்ணீர் முழுவதும் என் வீட்டிலிருந்து தருகிறேன் என்றேன். அதை ஏன் சொன்னேன்?

“நீங்க வாங்க. தண்ணி வேணாம்.”

02.09.2025, செவ்வாய்

இராக்கம்மாக்கா கமிட்டியில் சொல்லிவிட்டார். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஆனாலும் தண்ணீர்த் தொட்டிச் சாவி கந்தப்பண்ணனுக்குத் திரும்பவில்லை, விஜேந்திரனிடம் போயிற்று.

கிளையை வெட்ட அனுப்பியது கந்தப்பண்ணனைத்தான். யார் போட்டதோ அவரே வெட்டட்டும் என்றார்களாம். பல் வைத்த வாளால் அறுத்துக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்காமல்.

“முன்னாடி சோம்பேறின்னாங்க. இப்பக் கள்ளன்ங்கறாங்க. எது நல்லாருக்கு, படிச்சவங்க நீங்களே சொல்லுங்க.”

சொன்னது தப்பா, சொல்லாமல் இருந்தது தப்பா? இரண்டிலும் அடி விழுந்தது அவர் மேல்.

போகும்போது, “புள்ள நாளைக்குக் கணக்குக்கு வருவா. அதுல ஒண்ணும் மாத்தமில்ல” என்றார். திட்டியிருக்கலாம்.

05.09.2025, வெள்ளி

பதினாறு. போனேன். பாத்திரம் கழுவப் போன என் கையிலிருந்து ஒருத்தி சட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். “நீங்க ஒக்காருங்க டீச்சர்.” இதைவிட அவர்கள் ஏசியிருக்கலாம்.

தாங்கியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன், வேண்டியவர்கள் எடுக்கட்டும் என்று. மாலைவரை ஒருவரும் வரவில்லை. மூடினேன்.

09.09.2025, செவ்வாய்

விடியற்காலை பீலிக்குப் போனேன், இரண்டு வாளியோடு. பன்னிரண்டாவது ஆள். இவர் வேண்டாம் என்றார், தாங்கியில்தான் இன்னும் இருக்கிறதே என்றார். அது அவருக்குப் புரியாது.

நான் வந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ பஸ் வராததைப் பற்றித் தொடங்கினார்கள், என்னை விட்டுவிட்டு. குளிர். நூல் போல விழுகிறது தண்ணீர். ஒரு குடம் நிறைய ஆறு நிமிஷம். எண்ணிப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. குரலை வைத்துத்தான் தெரிந்தது இராக்கம்மாக்கா என்று. பத்து நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

“வாளிய நகட்டுங்க டீச்சர். வரிசை போகுது.”

நகட்டினேன்.