ஏழாவது கவுன்

என் செல்ல மகளுக்கு, உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது.

கையெழுத்து என்னுடையது அல்ல. பக்கத்து அறையில் நடிகர்களுக்குப் பொய்முடி செய்கிற விக்கம்மா எழுதுகிறாள். சின்ன வயதில் உனக்கு ஒரு தளபதியின் மீசையை ஒட்டிவிட்டு, அது வராமல் நீ அழுதாயே, அவளேதான். சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவள் ஏன் எழுதுகிறாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இப்போது ஸ்டூடியோவில் ஒரு அரண்மனை நிற்கிறது. தூணெல்லாம் பளிங்கு, தட்டினால் காலிப் பெட்டி. துணியில் வரைந்த வானம். யாராவது பெரிய கதவைத் திறந்தால் காற்றில் மேகமெல்லாம் ஒரு தடவை நடுங்கி நிற்கும். "நிலா இன்னும் கொஞ்சம் மேல" என்று கீழிருந்து கத்தினால், நிலா கயிற்றில் ஆடி ஆடி மேலே போகும். மதியம் ராஜாக்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். இதற்குள் புகுந்துதான் தினமும் என் அறைக்குப் போகிறேன். காலையில் முந்நூறு வருஷம் பின்னால் போய், சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புகிறேன்.

வேலை அதேதான். தையல்காரர்கள் புதிதாகத் தைத்துத் தருவதைப் பழசாக்குவது. டீத்தண்ணீரில் முக்குவேன், முழங்கையை உப்புத்தாளால் தேய்ப்பேன், பை தொய்வதற்குக் கல் போட்டுத் தொங்கவிடுவேன். "எல்லாரும் அழுக்கு எடுப்பாங்க, எங்கப்பா அழுக்கு வைப்பாரு" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி வந்தவள் நீ.

இந்தப் படத்துக்கு உடை வடிவமைக்கிற அம்மா எப்போதும் உதட்டில் குண்டூசி கவ்வியிருப்பாள். குண்டூசியம்மா என்றுதான் எங்களுக்குள் பெயர். நாடு கடத்தப்பட்ட ராணி கிழவியாகி அரண்மனைக்குத் திரும்பி வருகிற காட்சி. அதற்கு நான் செய்து கொடுத்த மூன்று கவுனையும் தள்ளிவிட்டாள். அழுக்கு நன்றாக இருக்கிறது, உள்ளே யாரும் வாழ்ந்த மாதிரி இல்லை என்றாள். பிறகு அவளே கிடங்குக்கு வந்து துழாவி, அடியில் கிடந்த என் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

உன் கவுன்.

வாயிலிருந்த ஊசியை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். "இத ஒருத்தி ஆயுசு பூரா போட்டுருந்திருக்காளே, பெரியவரே. யாரு அவங்க?" என்றாள். ஒருநாள்கூட யாரும் அதைப் போட்டதில்லை.

தூக்கும்போது மடிப்பிலிருந்து உன் இரண்டு உறைகள் விழுந்தன. உனக்குப் பசையில் எப்போதும் நம்பிக்கை கிடையாது. வாயை நூலால் நாலு தையல் போட்டுத்தான் அனுப்புவாய். அந்தத் தையல் பிரியாமல் இருந்ததை, பேச்சுக்குரல் கேட்டு வந்த விக்கம்மா பார்த்துவிட்டாள். "ஏன்யா, பெத்த மக எழுதினத இத்தன வருஷமா பிரிக்கவே இல்லையா? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாது."

நாற்பது வருஷத்தில் அந்த ஸ்டூடியோவுக்குள் முதல் தடவையாகச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அவள் அன்றைய உடைப் பட்டியலை ஒரு தடவை வாசிப்பாள். எந்தச் சிப்பாய்க்கு எந்தப் பொத்தான் இல்லை என்பதுவரை எனக்குப் பதிந்துவிடும். டேப்ரிக்கார்டர் என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவர்களுக்கு ஏன் என்று தெரியாது. உனக்குக் கதைப் புத்தகம் வாசித்தபோதும் படத்தைப் பார்த்து நானாகத்தான் அளந்தேன். அம்மா வாசித்தால் நரி ஜெயிக்கிறது, அப்பா வாசித்தால் மட்டும் ஏன் தோற்கிறது என்று கேட்டாய். கண்ணாடியைக் காணோம் என்று எழுந்து போனேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிறையில் கிடந்த ராணியின் படம். ஒரே மாதிரி ஆறு கவுன் தைத்து, வருஷம் ஏற ஏற ஒவ்வொன்றையும் கூடுதலாகப் பழசாக்க வேண்டும். நான் படப்பிடிப்பில் இருந்தபோது, எனக்குத் தெரியாமல் நீயே தைத்த கல்யாண கவுனை என் அறையில் மாட்டி, சீட்டுக் குத்திவிட்டுப் போயிருக்கிறாய். அதே தந்த நிறப் பட்டு, அதே வெட்டு. என் அறையில் வளர்ந்த கை வேறு எப்படி வெட்டும்?

நான் வந்து பார்த்தபோது ஏழு தொங்கியது. எனக்கு எண்ணத் தெரியும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், சீட்டில்தான் எழுதியிருக்கிறதே என்பார்கள். கடைசிக் காட்சிக்கு ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு முக்கினேன். என் ஆயுசில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. மெழுகுச் சொட்டு, பூச்சி அரித்த ஓட்டை, அழுது அழுது கைமுனையில் படிகிற உப்பு, எல்லாம் வைத்தேன்.

மறுநாள் காலையில் நீ வந்தாய். உன் மூடிய கைக்குள் கழுத்துப் பொத்தான் இருந்திருக்கிறது, எனக்கு அது இப்போதுதான் தெரியும். உன் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். "பொண்ணக் குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லியிருக்கலாமே" என்றார்கள். நீ "ஏன்ப்பா?" என்று மட்டும் கேட்டாய். அவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுப்பதா என்று நான் முணுமுணுத்தது நிஜம். அதனால் அவர்கள் சொன்னது பொருந்திவிட்டது. கெட்டவன் என்று நினைத்தால் நினைக்கட்டும், புதுச் சம்பந்தி முன்னால் தற்குறி என்று தெரிந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ கையைத் திறக்காமலே போய்விட்டாய்.

எட்டு வருஷம். மத்தியானத்தில் பெட்டியைத் திறந்து அந்த நாலு தையலையும் விரலால் தடவிப் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கும் என்று நானாக ஒரு கடிதம் யோசிப்பேன். ஒருநாள் திட்டியிருப்பாய், ஒருநாள் சமையல் எழுதியிருப்பாய்.

போன வாரம் விக்கம்மா மூன்றையும் வாசித்தாள். முதலாவதில், கோபமில்லை, ஏன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் மகள் பிறந்திருக்கிறாள், காது அப்படியே என்னுடையது, இதற்கும் பதில் இல்லையென்றால் இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று. அது ஆறு வருஷத்துக்கு முந்தியது. மூன்றாவது, நான் பத்திரப்படுத்தியிருந்த அந்தச் சீட்டு. "அப்பா, இது என்னோடது. பொத்தான் நாளைக்குக் கொண்டு வர்றேன். நீங்கதான் வச்சுத் தரணும்."

ஏன் என்று கேட்டாயே, இதுதான் ஏன்.

கவுனைக் கொடு என்று குண்டூசியம்மா நிற்கிறாள். மகளைக் கேட்காமல் தர முடியாது என்றுவிட்டேன். கழுத்துக்கு வேறு பொத்தான் வைத்துக்கொள்கிறேன் என்றாள், அதற்கும் கூடாது என்றேன். அடுத்த மாதம்வரை காத்திருப்பாளாம். உனக்கு இஷ்டமில்லை என்றால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும். அவள் தள்ளிய மூன்று கவுனில் ஒன்றை ராணி போட்டுக்கொள்ளட்டும்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால் விக்கம்மா வாசிப்பாள், அவள் முன்னால் எனக்கு இனி என்ன வெட்கம். ஆனால் அந்தப் பொத்தான் இன்னும் உன்னிடம் இருந்தால், அதை மட்டும் ஒரு உறையில் போட்டு, வாயைத் தைத்து அனுப்பு. அதை நானே படித்துக்கொள்வேன்.

பேத்தி காதில் காற்றுப்படாமல் பார்த்துக்கொள். நம் காது சளிக்குச் சீக்கிரம் அடைக்கும். நீ நன்றாக இரு, மகளே.

உன் அப்பா