அடுத்த வாரம் வருகிறவர்

செப்டம்பர் 2, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் நானும் இரண்டு உர மூட்டைகளும்தான். "மூணு வாரம் எங்கயாவது போய் இருந்துட்டு வா, எல்லாம் சரியாயிடும்" என்றாள் அக்கா. அவளுக்கு எல்லாமே மூன்று வாரத்தில் சரியாகும். ஏழு வருஷம் பழகியவன், கண்ணாடிக் கடையில் நான் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து, "வீட்ல பேசி முடிச்சிட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்று சொல்லிவிட்டுப் போனான். கீழ் வரிசை தெரிகிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். எனக்குத்தான் எந்த வரிசையும் தெரியவில்லை.

இந்த ஊர்த் தையல்காரம்மா ஒருவரின் வீட்டுப் பின்னறையை வாடகைக்குக் கேட்டேன். "தனியாவா?" என்று ஏற இறங்கப் பார்த்தார். வாய் முந்திக்கொண்டது: "வீட்டுக்காரரு அடுத்த வாரம் வருவாரு." ஏன் சொன்னேன்? கல்யாணமே ஆகாதவளுக்கு வீட்டுக்காரர்!

செப்டம்பர் 3, புதன்

தூங்கினேன். அழுதேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இங்கே பஸ் செவ்வாயும் வெள்ளியும்தான். "போய்ப் பாரும்மா, முன்னாடியே கெளம்பி வந்திருந்தாலும் வந்திருப்பாரு" என்றார் தையல்காரம்மா. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, போனேன். கோழிக்கூடையோடு ஒருவர் இறங்கினார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அறையில் இரண்டாவது கட்டில் போட்டாகிவிட்டது. தலையணைக்குப் புது உறை வேறு. அவன் என்ன வேலை பார்க்கிறான், எதற்குக் கோபப்படுவான், காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை — தையல்காரம்மா கேட்கக் கேட்கச் சொல்கிறேன். மறக்க வந்த இடத்தில்தான் அவனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறேன். வீட்டில் அவன் பேரை எடுத்தாலே அக்கா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

வரவில்லை.

எழுதிய பிறகுதான் பார்க்கிறேன். வரவில்லையாம்! யார் வருவதாகச் சொன்னார்கள்? புத்தி கெட்டுப் போச்சுடி உனக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

"அவரு அளவு தெரியுமா? துணி மிச்சமிருக்கு, ஒரு சட்டை வெட்டிடறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருஷமும் அவன் சட்டைக்கு அளவு கொடுத்தவள் நான். கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு, கை இருபத்து நாலு, வலது தோள் கொஞ்சம் இறக்கம் — மனப்பாடமாக ஒப்பித்தேன். "குடுத்து வச்ச மனுஷன்" என்று எழுதிக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முடியலையே... நாளன்னிக்கு அவனுக்குக் கல்யாணம்.

செப்டம்பர் 18, வியாழன்

இந்நேரம் முடிந்திருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

தையல்காரம்மா காலையிலேயே நூல் வாங்கப் போய்விட்டார். போய்ப் பார் என்று சொல்ல ஆளில்லை. பதினொரு மணி பஸ்ஸுக்கு நானாகவே போய் நின்றேன். இறங்கின ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

லீவு நாளையோடு சரி. பையைக் கட்டிவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் அவர் முன்னால் போய் நின்றேன். மிஷினை நிறுத்திப் பையைப் பார்த்தார்.

"நீ போன அப்புறம் அவரு வந்து நின்னா, நான் என்னம்மா பதில் சொல்றது?"

சொல்ல வந்ததைச் சொல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கடை முதலாளிக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "என்னம்மா ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை. அங்கே போனால் அவன் வேறொருத்தியின் வீட்டுக்காரன். இங்கே ஒருவருக்கும் அது தெரியாது.

மணி பத்தரை. பஸ் வருவதற்குள் தலை வாரிக்கொண்டு போய் நிற்க வேண்டும்.