ஆண்டின் சிறந்த அலறல்

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆக்லாந்துக்காரருக்குப் பயப்படத் தெரியாது.

தெரியாதபடியால்தான் வருஷத்துக்கு ஒருமுறை நகரத்துப் பழைய தியேட்டர் ஒன்றில் டிக்கெட் எடுத்துப் பழகிப் பார்க்கிறார்கள். பேய்ப்பட விழா. வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை. வங்கியில் என் பக்கத்து மேசைக்காரி, "உனக்கு அதெல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டாள். பிடிப்பதாவது! நான் போவது காவலுக்கு. தம்பி யூட்டுக்குப் பதினாறு வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தபோது அம்மா சொன்னா: "இருட்டுக்க என்ன படமோ என்ன சனமோ, நீயும் கூடப் போ பிள்ளை." அவனுக்கு இப்போது பத்தொன்பது. உத்தரவு இன்னும் அமுலில் இருக்கிறது.

இந்த வருஷம் அவன் எடுத்த படமும் ஓடுகிறதாம். சின்னப் படம், ஏழு நிமிஷம். அவனோடு படிக்கிற மலேசியப் பெடியன் கவிநேசன்தான் கமரா. என்ன கதை என்று கேட்டேன். "வந்து பாருங்கோவன் அக்கா." அவ்வளவுதான். மாசி மாதம் ஊரில், மன்னாரில், அப்பா இறந்தபிறகு அவன் வீட்டில் கதைப்பது குறைவு. படத்திலாவது கதைக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று ஊரில் மடு மாதா திருவிழா. அம்மா பாபடோயிட்டோய்க் கோவிலில் பூசைக்குப் போக, நான் வேலை முடிந்து பேய்க்குப் போனேன்.

தியேட்டர் வாசலில் ஒரு சவப்பெட்டி. உள்ளே ஊதாச் சாட்டின் துணி. படுத்துப் படம் எடுக்க வரிசை. மழை தூறுகிறது, ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் தன் காதலனைப் படுக்கவைத்து அவன் கைகளை நெஞ்சில் மடித்துவிட்டாள். சும்மா மடித்தால் கை விலகிவிடும், செபமாலையால் சுற்றவேண்டும். இது எனக்கு ஏன் தெரிந்திருக்கிறது? இவர்களில் ஒருவருக்கும் ஏன் தெரியாது?

உள்ளே தாதி உடுப்புப் போட்ட ஒருத்தி பயத்தில் வாந்தி வந்தால் பிடிக்கவென்று எல்லோருக்கும் சத்திப் பை கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். "தைரியசாலி," என்றாள்.

ஒவ்வொரு காட்சியும் ஓர் அலறலோடு தொடங்கும். அது இவர்களின் சடங்கு. ஞாயிறு கடைசியில் எல்லாப் படங்களிலிருந்தும் அலறல்களைப் போட்டுக் காட்டுவார்கள். எதற்குக் கைதட்டல் கூடவோ அதுதான் ஆண்டின் சிறந்த அலறல். பரிசு, சாந்தில் செய்த வெட்டுண்ட கை. அடுத்த வருஷம் முழுவிழாவுக்கும் அந்த அலறல்தான் மணியோசை. போன வருஷம் வென்றவள் ஏதோ மிருகத்தைக் கண்டு கத்தினாள். பல்லைக் காட்டிக் கத்தினாள். உண்மையாகப் பயந்தவர்கள் அப்படிக் கத்தமாட்டார்கள். சத்தமே வராது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

பின்னேரம் உள்ளூர்ப் படங்கள். யூட்டின் படம் நாலாவது. ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வாடகை வீட்டுக்குக் குடிவருகிறான். சுவருக்குள் ஏதோ சத்தம். சுவரில் காதை வைக்கிறான். சத்தம் கிட்ட வருகிறது. ஒரு பெண்ணின் குரல்.

அந்தக் குரல் என் பெயரைச் சொன்னது.

"அஞ்சலினா... யூட்டு... கொப்பர் படுத்திருக்கிறார், வந்து பாருங்கோ."

மலர் மாமி. அப்பாவின் தங்கச்சி. கொப்பர் என்றது அப்பாவைத்தான். நானூறு பேர் இருந்த மண்டபத்தில் நான் ஒருத்தி மட்டும் எழும்பி நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவன், மறைக்கிறது, இரு என்றான்.

செத்தவீட்டை வீடியோ எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். பெட்டியைச் சுற்றியிருந்து அழுகிற பெண்கள் கமரா கிட்ட வந்ததும் அதைப் பார்த்து அழுவார்கள். வரமுடியாத பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பாவின் கசெற் சித்திரையில் வந்தது. அம்மா அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தா. ஒருவரும் பார்க்கவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசியில் மாமி கத்தினா. சுவர் பிளக்க, திரை கறுக்க, மாமியின் குரல் மட்டும்:

"மூடாதேங்கோ, பிள்ளையள் இன்னும் பாத்து முடியேல்லை."

பெட்டியை மூடுகிற நேரம் அது. எங்களுக்காக அந்த மனுசி மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. மண்டபம் விசிலடித்தது. காலால் தரையை உதைத்தார்கள். இரவு பரிசுக்கு எல்லா அலறல்களையும் போட்டபோது வேறெதுவும் கிட்டவும் வரவில்லை. யூட் மேடைக்குப் போய்ச் சாந்துக் கையை வாங்கினான். சிரித்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் யூட்டைப் பிடித்தேன். அம்மா விமான நிலையச் சமையலறையில் பின்னேர ஷிப்டில்.

"ஆரைக் கேட்டு எடுத்தனி?"

"அங்க ஒருத்தருக்கும் விளங்காது அக்கா."

"எனக்கு விளங்கினது."

"உங்களுக்கு இப்பதான் விளங்கினது. நான் ஒவ்வொரு நாளும் போட்டுப் பாத்தனான். நீங்கள் ரெண்டு பேரும் சீலைக்குக் கீழ வைச்சிட்டுச் சோறு திண்டனீங்கள்."

அறைந்தேன். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. "ஆராவது அதைக் கேக்கவேணும் எண்டு இருந்தது," என்றான். பிறகு ரெயில் பிடிக்கப் போய்விட்டான்.

ஆராவது என்றால், பொப்கோர்ன் தின்கிறவர்களா?

கவிநேசன் போனில் கூப்பிட்டான். "அக்கா, சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. நான் கேமரா மட்டும்தான். உங்க ஊர்த் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும், யாரோ நடிச்சுக் கொடுத்தாங்கன்னு நினைச்சேன். அந்த அம்மாவுக்கு ஒரு தேங்க்ஸ் போடலாமான்னு யூட்கிட்ட கேட்டேன் லா."

நடிச்சுக் கொடுத்தாங்க.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா சாந்துக் கையை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம், "தம்பிக்குச் சத்தத்துக்குப் பரிசு கிடைச்சது. நல்ல காது அவனுக்கு," என்கிறா. என்ன சத்தம் என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் ஒவ்வொரு காட்சிக்கும் மாமி கத்தப்போகிறா, யாரோ ஒருவன் சத்திப் பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறான். இது நடக்கக்கூடாது. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யூட்டோடு கதைத்துப் பயனில்லை. மாமிக்கே போன் எடுத்தேன். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறா. லொட்ஜ்காரன் கூப்பிட்டுவிட நேரமெடுத்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"மாமி, நீங்கள் அப்பான்ர செத்தவீட்டில அழுததை யூட் படத்தில போட்டிட்டான். பேய்ப் படத்தில. சனம் பாத்துக் கைதட்டினது."

"எத்தினை சனம்?"

"நானூறு இருக்கும்."

"அண்ணையின்ர செத்தவீட்டுக்கு நாப்பது பேர்கூட வரேல்லை. ஊரடங்கு. நானூறு பேர் கேட்டதில எனக்கென்ன குறை? சும்மா கத்தினனானே? விளங்கினதோ அவைக்கு?"

"இல்லை மாமி. உங்களைப் பேயெண்டு நினைச்சவை."

"அப்ப விளங்கப்பண்ணு."

"இல்லை, அதை நிப்பாட்டவேணும்—"

"நிப்பாட்டினா? திரும்பவும் சீலைக்குள்ள வைப்பியளோ? உன்ர கொம்மா எனக்கு எழுதினவ, பாக்க ஏலாமக் கிடக்கெண்டு. நீ பாத்தனியோ பிள்ளை?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கொம்மாட்டக் குடு."

அம்மா வாங்கினா. "ஓம்... ஓம் மச்சாள்... இல்லை, தெரியாது... ஓம்." வைத்துவிட்டு நேரே மாதா சுரூபத்துக்குப் போய்ச் சாந்துக் கையை எடுத்துக் குசினிக் குப்பைக்குள் போட்டா. கோபமாகக்கூட இல்லை. மீன் செதிலைப் போடுகிற மாதிரி.

"தம்பி, அதைப் போடு. உன்ர படத்தை இல்லை. கசெற்றை," என்றா யூட்டிடம்.

போட்டான். பகல் வெளிச்சத்தில், யன்னல் சீலையை இழுத்துவிடாமல், மூன்று பேரும் இருந்து பார்த்தோம். அப்பா கோட்டுப் போட்டிருந்தார். மன்னார் வெயிலில் மொத்தமான நீலக் குளிர்க் கோட்டு. மாமி கமராவைப் பார்த்துச் சொல்கிறா: "நியூசிலாந்துக்குப் போடவெண்டு வாங்கினவர். நான் போட்டுவிட்டிருக்கிறன் மச்சாள். அங்க குளிருமாமே." நாள் முழுக்க ஏலம் கூறின குரலாகக் கிடந்தது. அப்படி அடைத்திருந்தது. படத்தில் கேட்டபோது அது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்.

யூட்டுக்கு முழுவதும் மனப்பாடம். மாமி சொல்ல முன்னமே அவன் உதடு அசைந்தது.

அம்மா முழுவதும் பார்த்தா. மூடாதேங்கோ என்ற இடத்தில் எழும்பி ரீவியில் கையை வைத்தா. பிறகு அரிசி போடப் போனா.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விழா நடத்துகிறவன் பெயர் கிரெய்க். நகரத்தில் ஒரு மாடி அறை, சுவரெல்லாம் மண்டையோடு. யூட்டையும் கூட்டிக்கொண்டு போனேன். வருகிறான் என்று சொன்னதே அதிசயம்.

அது நடிப்பில்லை, எங்கள் மாமி, எங்கள் அப்பாவின் செத்தவீடு, என்றேன். அவன் கையை வாயில் வைத்தான். மிகவும் வருந்துகிறானாம். பிறகு முன்னுக்குச் சரிந்து, "உண்மையா அது? அதுதான் மயிர்க்கூச்செறிந்தது," என்றான். கண் மின்னியது. நாசமாப் போவான்.

யூட் கேட்டான்: "அந்தச் சத்தத்தைப் போடுறதெண்டா கீழ எழுத்துப் போடவேணும். என்ன சொல்லுறா எண்டு. நாங்களே செய்து தாறம்." ஆங்கிலத்தில், திக்காமல் கேட்டான். என் தம்பிக்கு இப்படிக் கேட்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கிரெய்க் யோசித்தான். "விளங்கினால் பயமிருக்காது, கவலைதான் வரும். கவலைப்பட யாரும் டிக்கெட் எடுப்பதில்லை." பிறகு, "சரி, செய்து கொண்டுவாருங்கள், பார்க்கலாம்."

இவன் ஒருவன்தான் இந்த நகரத்தில் உண்மையைச் சொன்னவன். அதற்காக அவனை இன்னும் வெறுக்கிறேன்.

செப்டெம்பர் 13, சனி

யூட் படிக்கிற பொலிரெக்னிக்கின் எடிட்டிங் அறை. கவிநேசன் எழுத்துகளைத் திரையில் ஏற்றினான், கசெற்றில் மாமி சொன்னதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், யூட் எந்த மூச்சில் எந்த வரி வரவேண்டும் என்று காட்டினான். அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து பின்னால் இருந்தா. கவிநேசன், மாமி கோட்டைப் பற்றிச் சொல்கிற வரி வந்ததும் கணினியை விட்டு எழும்பிப் போய்விட்டான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். "உறைப்பு சம்பல் ஆன்ட்டி," என்றான்.

"உறைக்காட்டி அதென்ன சம்பல்," என்றா அம்மா.

செப்டெம்பர் 15, திங்கள்

எழுத்துப் போட்ட கசெற்றை யூட் கிரெய்க்கின் கையிலேயே கொடுத்தான்.

நவம்பர் 3, திங்கள்

கிரெய்க்கிடமிருந்து பதிலில்லை. மூன்றாம் முறை போன் எடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறானாம்.

1998 பெப்ரவரி 21, சனி

அப்பாவின் ஆண்டுத் திவசப் பூசை. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவே கசெற்றைப் போட்டா. வந்திருந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு மனுசி, மாமி அழ அழக் கூடவே அழுதா. அவவுக்கு அப்பாவை முன்பின் தெரியாது. இதற்குத்தானே அந்தக் குரல்?

ஜூலை 22, புதன்

விழாவின் விளம்பரத் தாள் வந்திருக்கிறது. மாமி அதில் இருக்கிறா: "கீழைத்தேசத்து மரண மந்திரம். அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது."

தெரியாதாம். கிரெய்க்கின் மேசையில் கிடக்கிற கசெற்றில் வரிவரியாக எழுதிக் கொடுத்திருக்கிறது. படித்தவர்கள், பொய் சொல்கிறவர்கள். யூட் தாளைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் விழாக்காரருக்குச் சும்மா செய்துகொடுத்த உதவி வேலையெல்லாம் விட்டுவிட்டான். "போவமோ அக்கா?" என்றான். நான் கேட்காமலே அவன் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல்முறை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மூன்று பேரும் போனோம். நாளைக்கு மடுத் திருவிழா, அம்மா வேலையில் இரண்டு நாள் லீவு கேட்டிருந்தா, ஒன்று மாதாவுக்கு, ஒன்று மச்சாளுக்கு. சீலைக்கு மேல் குளிர்க் கோட்டு. சத்திப் பை கொடுத்தவளிடம் நன்றி சொல்லி வாங்கி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. முன்வரிசைக்குக் கிட்ட இருந்தோம். எழுத்து வரும் என்று யூட் இன்னும் நம்பினான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் திரையின் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு மங்கியது. கறுப்புத் திரை. மலர் மாமி கத்தினா. கீழே ஒன்றும் வரவில்லை. மண்டபம் குதூகலித்தது.

நானும் யூட்டும் எழும்பமுன் அம்மா எழும்பிவிட்டா. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டா. விமான நிலையத்தில் படித்த ஆங்கிலத்தில், சமையலறையில் ஓடர் சொல்கிற குரலில், அவசரமில்லாமல் சொன்னா:

"அது என் கணவரின் தங்கச்சி. அவள் என்ன சொல்கிறாள் என்று போடுங்கள்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான், இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்திருப்பான். கிரெய்க் பக்கத்து வாசலில் நின்றான். எங்களைக் கண்டான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

முதல் படம் தொடங்கியது. யூட்டும் எழும்பி நின்றான், நானும் நின்றேன். இருங்கள், மறைக்கிறது என்று யாரோ கத்தினார்கள். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. படத்தின் வெளிச்சம் அவவின் கோட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"போடுங்கள்," என்றா.