சுமைதாங்கி அருகே மூங்கில் ஆட்டம்

என் அன்பு பேச்சி அக்காவுக்கு,

கோணல்மாணலான இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மூங்கில் பிளந்தே காய்த்துப்போன கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. மாலை வகுப்புக்குப் போய் இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம், அக்கா!

போன வாரம் நாகல் நகரில் என் மூங்கில் கடைக்கு நர்சிங் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. பர்மா மலையிலிருந்து வந்து இங்கே தமிழும் பழகிக்கொண்ட சின் இனத்துப் பிள்ளைகள். நீளமான பச்சை மூங்கில் உடனே வேண்டும் என்றார்கள். பச்சை மூங்கிலை அவசரமாகக் கேட்டால் சாவு வீடுதானே; துக்க வீட்டாரிடம் பேரம் பேசலாமா? குறுக்குக் குச்சி, கயிறு, தென்னங்கீற்று எல்லாம் சேர்த்துக் கட்டினேன்.

"தவறுனது ஆம்பளையா பொம்பளையா, தாயீ?"

மாவி என்ற பெண் முழித்தாள். "யாரும் சாகலை தாத்தா. டான்ஸ்!"

பக்கத்துப் பூக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, ஆடப் போற பிள்ளைகளுக்குப் பாடை கட்டிட்டீகளே!"

மூங்கிலில் எப்படி ஆடுவது? கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மூங்கிலைச் சேர்த்தும் விலக்கியும் தட்டுவார்களாம். பெண்கள் அந்த இடைவெளியில் காலை வைத்து எடுப்பார்களாம். மேளமும் சேகண்டியும் உண்டு. மலைமாட்டுக் கொம்பைக் குச்சியால் தட்டியும் தாளம் போடுவார்களாம்.

"கால் மாட்டிக்கிட்டா?"

"மாட்டாது தாத்தா. காலைப் பாக்கக் கூடாது. தாளத்தைக் கேக்கணும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க நெனச்சதும் தப்பில்ல. முன்னாடி எங்க ஊர்ல, பிரசவத்துல செத்துப்போற பொம்பளைக்குத்தான் இத ஆடுவாங்களாம். அவங்க பயமில்லாம போய்ச் சேரணும்னு. இப்போ விசேஷத்துக்கு ஆடுறோம்."

உன் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. நீயும் வயிற்றுப் பிள்ளையோடுதானே போனாய்? இறக்காத சுமையோடு போனவள் என்று அய்யா சின்னாளப்பட்டிப் பாதையில் சுமைதாங்கிக் கல் நட்டார், தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து இளைப்பாற. "என் மகளுக்குச் சுமை இறங்கிருக்குமா?" என்று அம்மா கடைசிவரை கேட்டாள். இப்போது அதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாவியிடம் எல்லாம் சொன்னேன். கயிற்றை அவிழ்த்து, மூங்கிலைக் குட்டியானை வேனில் ஏற்றி, நானும் கூடவே அவர்கள் விடுதிக்குப் போகும்போது, கல்லருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். கல்லில் வெட்டியிருந்த உன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"இங்க ஒரு தடவை ஆடட்டுமா?"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார். "யோவ் பெருசு, சுமைதாங்கிகிட்ட என்னய்யா கூத்து?"

"எங்க அக்காவுக்குய்யா."

அவர் ஆடுகளை ஓரமாக ஓட்டிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து நின்றார்.

மேளமில்லை, கொம்பில்லை. மூங்கில் சத்தம் மட்டும். ஒரு பெண்கூடக் குனிந்து பார்க்கவில்லை. புல்லுக்கட்டோடு நீ வரப்பில் வருவாயே, அந்த நடை. முடிந்ததும் மூங்கில்களைத் தூக்கி உன் கல்மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவே இல்லை, அக்கா.

உனக்கும் இறங்கியதா?

அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்துக்கென்று பாட்டு இருந்ததா என்று கேட்டேன். தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள் மாவி. அடுத்த வாரம் அதை உனக்கு எழுதுவேன். வரி கோணினாலும் ஒரு சொல் விட மாட்டேன்.

உன் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த தம்பி,
முத்தையா