அண்ணன் போடாத கையெழுத்து

என் அருமை மதினிக்கு,

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள்தான் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியானாய். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டுக்கும் ஆபீஸ் அறைக்கும் பத்துத் தடவை நடந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மூன்றாவது பேறுகாலத்திலேயே உன் உயிர் போய்த் திரும்பியது. இன்னொன்று தாங்காது என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் நாலாவது தங்கியதும், கலைத்துவிட நேரே என் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். நாத்தனார் நர்ஸாக இருக்கிறாளே என்ற தைரியம். நானோ ஃபாரத்தை நீட்டி, “அண்ணன் கையெழுத்து வேணும் மதினி. இல்லாட்டி இங்கன ஒண்ணும் நடக்காது” என்றேன்.

அண்ணன் தோணியோடு கொழும்பில் கிடந்தான். சரக்கு ஏறவேண்டும், காற்று தோதாக அடிக்கவேண்டும், அப்புறம்தான் தூத்துக்குடி. “ஏளா, அவுக வார வரைக்கும் வயிறு காத்துக்கிட்டு நிக்குமா?” என்று கேட்டாய். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இல்லை, அது பொய். “ரூல்ஸ் அப்படி” என்றேன்.

மறுவாரம் யாருக்கும் தெரியாமல் வேம்பார்ப் பக்கம் ஒருத்தியிடம் போனாய். திரும்பி வந்து என் காதில் மட்டும் சொன்னாய், யாரிடமும் சொல்லக்கூடாது என்றாய். மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாய். விஷக்காய்ச்சல் என்று ஊர் நம்பியது. அண்ணனும் இன்றுவரை நம்புகிறான்.

நேற்று உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அதே காரியத்துக்கு வந்தாள். அதே ஃபாரம், புருஷன் கையெழுத்துக் கேட்கும் அதே வரி. எனக்கு என்ன வந்ததோ, புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் சட்டத்தின் நகலை வாங்கிப் படித்தேன். வயது வந்த பெண் சம்மதித்தால் போதும், மதினி. புருஷன் என்ற பேச்சே அதில் இல்லை. அவள் பேரைக்கூட இரகசியமாக வைக்கவேண்டுமாம். அந்த வரி எங்கள் ஆபீஸில் யாரோ சேர்த்து டைப் அடித்தது. சட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. நான் ஏன் ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை?

ஆபீஸ் கிளார்க் அண்ணாச்சியிடம் காட்டினேன். “சட்டம் டெல்லியில இருக்கு தாயி. நாளைக்கு இவ புருஷன் வந்து என் சட்டையப் புடிச்சா டெல்லியா வரும்?” என்றார்.

“மாதா கோயில்ல பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா சாமியார் புருஷன் கையெழுத்தா கேக்காரு? இது பாவம்னா அவ ஆண்டவர்ட்ட பதில் சொல்லிக்கிடுவா. உங்க ஆபீஸுக்கு எதுக்குச் சொல்லணும்?” என்று கத்திவிட்டேன். கோயிலில் சத்தமாகப் பாடக்கூட வெட்கப்படுகிறவள் நான்!

டாக்டரம்மா அவளுடைய கைநாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்று காலை அவள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. உனக்கும் இவ்வளவுதானே வேண்டியிருந்தது, மதினி. மிச்சமிருந்த ஃபாரங்களில் எல்லாம் அந்த வரியை நானே பேனாவால் அடித்தேன். மெமோ வரும். வரட்டும்.

அண்ணன் அடுத்த நடையில் வருகிறான். “அவளுக்கு என்னதான் செஞ்சுது?” என்று வழக்கம்போல் கேட்பான். சொன்னால் உன் இரகசியம் போகும். சொல்லாவிட்டால் என் குற்றம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். நான் என்ன செய்ய, மதினி?

சொல்லாதே என்றாய், சொல்லமாட்டேன். இனி எந்தப் பெண்ணிடமும் அவள் கையெழுத்தைத் தவிர இன்னொருவர் கையெழுத்தைக் கேட்கவும் மாட்டேன். அந்த வரியை நம்பி இன்னொருத்தி போய்விடக்கூடாது என்று இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர்ப்பேரை மாற்றிவிட்டேன். கீழே என் பேரையும் போடவில்லை. போட்டால் நீ யாரென்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்