அணைத்து வைத்த போன்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டபோது ஒயரில் கோளாறு என்று சமாளித்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இன்டர்நெட் போன் பெட்டியை வந்த அன்றே ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து நானே மாட்டிவிட்டேன். அதன்பிறகு உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கைக்குழந்தைக்காரி, நேரம் இருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு கோபமும் வந்தது. நானாகக் கூப்பிடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

அப்புறம்தான் மாடி வீட்டம்மா வந்து, "உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணி, அப்பா எடுக்கவே மாட்டேங்கிறாரு, எம்மேல என்ன கோபம்னு அழுவுதுங்க" என்றார்.

உடனே கேபிள்காரரை வரச் சொன்னேன். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சுவிட்ச அணைச்சு வெச்சா எப்படி சார் மணி அடிக்கும்?"

வேலை பார்த்த காலமெல்லாம் கிடங்கில் கடைசி ஆளாக எல்லா விளக்கையும் அணைத்துப் பூட்டிய கை இது. பேசாதபோது போனுக்கு எதற்குக் கரண்ட் என்று ரூட்டரையும் சேர்த்தே அணைத்திருக்கிறேன். உன் அம்மா உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் போன் அவள் இலாகாவாகவே இருந்துவிட்டதல்லவா.

அவர் சுவிட்சைப் போட்டு, என் எதிரிலேயே நின்றுகொண்டு தன் செல்லிலிருந்து கூப்பிட்டார். மணி அடித்தது. அவர்தான் என்று தெரியும். தெரிந்தும் எடுத்து, "சொல்லும்மா" என்றேன்.

அந்த மனுஷன் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்லில், நீ கேட்பதுபோலவே, "நல்லா கேக்குதாப்பா?" என்றார்.

சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது.

அப்பா